நகச் சொத்தையா? பொறுத்தார் நகம் ஆள்வார்!

கோயில் வாசல். குடும்பத்தோடு வந்திருக்கிறார்கள். மனைவி, குழந்தைகள் எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு மளமளவென்று உள்ளே போயாகிவிட்டது. குடும்பத் தலைவர் மட்டும் ஷூவைக் கழற்றிவிட்டு, சாக்ஸைக் கழற்றுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நிற்கிறார்.

"என்னங்க, சாக்ஸோடவா சாமி கும்பிடப் போறீங்க?"

வேறு வழியில்லாமல் கழற்றுகிறார். கால் கட்டை விரல் நகம் மஞ்சள் பூத்து, தடித்து, நுனியில் மாவு மாதிரி உதிர்ந்துகொண்டிருக்கிறது.

"அது ஒண்ணுமில்ல. பல வருஷமா அப்படித்தான் இருக்கு. வலியா, காய்ச்சலா... விடு!"

நம் வீடுகளில் நகச் சொத்தைக்குப் பாதிப் பேர் செய்யும் வைத்தியம் இந்த 'விடு'தான். மீதிப் பேர் மருந்துக் கடையில் ஏதோ ஒரு ட்யூப் வாங்கி இரண்டு மாதம் தடவுகிறார்கள். நகம் அப்படியே இருக்கிறது. "சே, பிரயோஜனமில்லாத மருந்து!" என்று தூக்கிப் போட்டுவிடுகிறார்கள்.

நகத்துக்கென்று தனியாகப் பூச்சு மருந்துகள் இருக்கின்றன. அவை வேலையும் செய்கின்றன. ஆனால் யாருக்கு, எப்படி, எவ்வளவு நாள் என்று ஒரு கணக்கு உண்டு. அந்தக் கணக்கு தெரியாமல் போவதால்தான் மருந்துக்குக் கெட்ட பெயர். வாருங்கள், அதைக் கொஞ்சம் போட்டுப் பார்த்துவிடலாம்.

நகத்துக்கு அடியில் குடியிருப்பவர் யார்?

நகம் கெரட்டின் என்ற கெட்டியான புரதத்தால் ஆனது. நம் முடியும் தோலின் மேல் பகுதியும்கூட அதே சரக்குதான். இந்தக் கெரட்டினையே சாப்பாடாகச் சாப்பிட்டு வாழும் பூஞ்சைகள் சில உண்டு. அவற்றில் 'ட்ரைக்கோஃபைட்டான் ரூப்ரம்' என்பதுதான் கால் நகச் சொத்தைக்கு உலகம் முழுவதும் முதல் குற்றவாளி. கால் விரல் இடுக்கில் வரும் சேற்றுப்புண், உடம்பில் வரும் படர்தாமரை ஆகியவற்றுக்கும் இந்தக் குடும்பம்தான் காரணம். அதனால்தான் சேற்றுப்புண்ணைக் கவனிக்காமல் விட்டவர்களுக்கு அது மெல்ல நகத்துக்கு ஏறுகிறது.

கை நகக் கதை கொஞ்சம் வேறு. நாள் முழுக்கத் தண்ணீரில் கை வைக்கும் இல்லத்தரசிகளை எடுத்துக்கொள்ளுங்கள். பாத்திரம் துலக்கி, துணி அலசி, மாவு கரைத்து, வீடு துடைத்து... கை காயவே நேரம் கிடைப்பதில்லை. நகத்தைச் சுற்றியுள்ள தோல் ஊறி, வீங்கி, நகக்கண்ணை மூடியிருக்கும் மெல்லிய தோல் விட்டுப்போகிறது. அந்த இடைவெளியில் 'கேண்டிடா' என்ற ஈஸ்ட் வகை நுழைந்துகொள்கிறது. இங்கே மருந்தைவிட முக்கியம் கையை உலர்வாக வைப்பது. அதைச் செய்யாமல் எத்தனை மருந்து போட்டாலும் ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றின கதைதான்.

எல்லாச் சொத்தையும் பூஞ்சை இல்லை

மஞ்சளாக, தடிப்பாக இருக்கும் நகங்களில் ஏறக்குறைய பாதிதான் உண்மையில் பூஞ்சையால் வந்தவை. சோரியாஸிஸ் என்ற தோல் நோய் நகத்தில் வந்தாலும் இப்படித்தான் இருக்கும். இறுக்கமான ஷூ தொடர்ந்து இடித்துக்கொண்டே இருந்தாலும் நகம் தடித்துப்போகும். எப்போதோ கல்லில் இடித்துக்கொண்ட நகமும் கோணலாக வளரலாம்.

ஆகவே ஒரு வருஷம் மருந்து போடப் போகிறீர்கள் என்றால், முதலில் ஒரு பரிசோதனை செய்துகொள்வது புத்திசாலித்தனம். தோல் மருத்துவர் நகத்தின் அடியிலிருந்து கொஞ்சம் தூளைச் சுரண்டி எடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்ஸைடு கரைசலில் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார். பூஞ்சை இருந்தால் நூல் நூலாகத் தெரியும். இது உடனே ஆகிற வேலை. தேவைப்பட்டால் கல்ச்சருக்கு அனுப்புவார். அந்த முடிவு வர 3, 4 வாரம் பிடிக்கும்.

ஒரு எச்சரிக்கை. நகத்துக்கு அடியில் புதிதாகக் கறுப்புக் கோடோ கறுப்புத் திட்டோ தோன்றி அகலமாகிக்கொண்டே போனால், அல்லது அந்தக் கறுப்பு நகத்தைச் சுற்றியுள்ள தோலுக்கும் பரவினால், பூச்சு வாங்கிப் பரிசோதித்துக்கொண்டிருக்காதீர்கள். அபூர்வமாக அது ஒரு வகைப் புற்றுநோயாக இருக்கலாம். நேரே மருத்துவரிடம் போங்கள்.

ட்யூப் க்ரீம் ஏன் தோற்கிறது?

நகத்தை ஒரு கான்க்ரீட் கூரை என்று வைத்துக்கொள்ளுங்கள். பூஞ்சை கூரைக்குக் கீழே சௌகரியமாகக் குடித்தனம் நடத்துகிறது. நீங்கள் தடவும் சாதாரண க்ரீம் தோலுக்காகச் செய்யப்பட்டது. எண்ணெய்ப் பசையுள்ள தோலுக்குள் அது இறங்கும். நகத்திலோ எண்ணெய்ப் பசை மிகக் குறைவு. கூரை மேல் பெய்த மழை மாதிரி க்ரீம் வழிந்து, துடைபட்டுப் போய்விடுகிறது.

இதற்காகத்தான் நகப் பூச்சு மருந்துகள் வந்தன. பார்க்க நெயில் பாலிஷ் மாதிரியே இருக்கும். பூசியதும் அதிலுள்ள திரவம் ஆவியாகி, மருந்து ஒரு படலமாக நகத்தில் ஒட்டிக்கொள்கிறது. இங்கேதான் ஒரு அழகான சூட்சுமம். பாட்டிலில் 8 சதவீதமாக இருக்கும் சைக்ளோபிராக்ஸ், திரவம் காய்ந்த பிறகு படலத்தில் சுமார் 35 சதவீதமாகச் செறிவடைந்துவிடுகிறது. இவ்வளவு அடர்த்தியான மருந்து நாள் முழுக்க நகத்தின் மேல் உட்கார்ந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கூரைக்குள் கசிகிறது.

என்னென்ன பூச்சுகள் இருக்கின்றன?

சைக்ளோபிராக்ஸ் 8 சதவீதம்: தினமும் பூச வேண்டியது. அமெரிக்காவில் 1999-இல் நகத்துக்கென்று அனுமதி பெற்றது. பூஞ்சை உயிர் வாழத் தேவையான இரும்புச் சத்தை இது பிடித்து வைத்துக்கொள்கிறது.

அமரால்ஃபின் 5 சதவீதம்: வாரத்துக்கு ஒரு முறை அல்லது இரு முறை பூசினால் போதும். ஞாபக மறதிக்காரர்களுக்கு வசதி.

எஃபினகோனஸால் 10 சதவீதம், டவபோரோல் 5 சதவீதம்: இரண்டும் 2014-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றவை. இவை படலமாக ஒட்டாத திரவங்கள். தினமும் பூச வேண்டும். சுரண்டி எடுக்கும் வேலை இல்லை.

இந்த மருந்துகள் நம்மை விட்டுவிட்டுப் பூஞ்சையை மட்டும் எப்படிக் கொல்கின்றன? நம் உடம்பு செல்களின் சவ்வில் கொலஸ்ட்ரால் இருக்கிறது. பூஞ்சையின் சவ்வில் அதற்குப் பதிலாக எர்கோஸ்டெரால் என்ற பொருள். அமரால்ஃபின், எஃபினகோனஸால் போன்றவை எர்கோஸ்டெரால் தயாராகும் வழியில் ஆளுக்கொரு இடத்தில் தடுப்புப் போட்டுவிடுகின்றன. செங்கல் வராமல் நின்றுபோன வீடு மாதிரி பூஞ்சை இடிந்து விழுகிறது. டவபோரோலின் வழி வேறு. அது பூஞ்சை புரதம் தயாரிப்பதையே நிறுத்திவிடுகிறது.

பூச்சு மருந்து ரத்தத்தில் கலப்பது மிக மிகக் குறைவு. எனவே கல்லீரலுக்குப் பயமில்லை. பி.பி., சர்க்கரை, இதயம் என்று நீங்கள் விழுங்கும் மற்ற மாத்திரைகளோடு சண்டையும் போடாது. அதிகபட்சம் நகத்தைச் சுற்றி எரிச்சல், சிவப்பு வரலாம். அப்படி வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரைக் கேளுங்கள்.

பூச்சு மட்டும் யாருக்குப் போதும்?

* நகத்தின் நுனிப் பக்கம் மட்டும், பாதிக்கும் குறைவாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு
* இரண்டு, மூன்று நகங்களில் மட்டும் சொத்தை உள்ளவர்களுக்கு
* நகத்தின் மேற்பரப்பில் மட்டும் வெள்ளை வெள்ளையாகத் திட்டு உள்ளவர்களுக்கு
* கல்லீரல் கோளாறு, வேறு மாத்திரைகள் போன்ற காரணங்களால் விழுங்கும் மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு

நகத்தின் அடிப்பகுதியில் பிறை வடிவில் வெள்ளையாகத் தெரிகிறதே, அதுதான் நகம் பிறக்கும் இடத்தின் அடையாளம். சொத்தை அந்தப் பிறை வரை ஏறிவிட்டால், அல்லது பல நகங்கள் ஒரே சமயத்தில் கெட்டிருந்தால், பூச்சு மட்டும் போட்டு ஜெயிப்பது கஷ்டம். அப்போது மாத்திரையும் தேவைப்படும்.

பூசும் முறை... படிப்படியாக

அமரால்ஃபின் பூச்சை உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

1. பாதிக்கப்பட்ட நகத்தை முடிந்த அளவு ஒட்ட வெட்டுங்கள். ரத்தம் வரும் அளவுக்கு வேண்டாம்.

2. நகத்தின் மேற்பரப்பை அரத்தால் மெதுவாகத் தேயுங்கள். நிறையப் பேர் விட்டுவிடும் படி இதுதான். கூரையின் கனம் குறைந்தால்தானே மருந்து கீழே இறங்கும்? அந்த அரத்தை நல்ல நகத்துக்குப் பயன்படுத்தவே கூடாது. வீட்டில் வேறு யாரும் எடுக்கவும் கூடாது.

3. மருந்தோடு வரும் ஆல்கஹால் பஞ்சால் நகத்தைத் துடையுங்கள். பழைய படலமும் எண்ணெய்ப் பசையும் போய்விடும்.

4. நகம் முழுவதும் பூசுங்கள். 3 முதல் 5 நிமிஷம் காய விடுங்கள்.

5. மூடியை இறுக மூடுங்கள். இல்லையென்றால் விலையுயர்ந்த மருந்து பாட்டிலிலேயே காய்ந்துவிடும். அடுப்புப் பக்கம் வைக்காதீர்கள். இது தீப்பற்றும்.

சைக்ளோபிராக்ஸ் என்றால் இரவு படுக்கும் முன் தினமும் ஒரு பூச்சு, நேற்றைய படலத்தின் மேலேயே. நகத்தைச் சுற்றியுள்ள 5 மில்லிமீட்டர் தோலுக்கும் சேர்த்து. வாரம் ஒரு நாள் ஆல்கஹாலால் எல்லாவற்றையும் துடைத்தெடுத்து, உதிர்கிற நகத்தை அரத்தால் தேய்த்துவிட்டு, மறுபடி முதல் பூச்சிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்க் குளியல் மாதிரி இதற்கும் ஒரு கிழமையை ஒதுக்கிவிடுங்கள்.

நகம் ரொம்பத் தடித்திருந்தால் 40 சதவீத யூரியா களிம்பு போட்டு மென்மையாக்கி, தடித்த பகுதியை நீக்கிவிட்டுப் பிறகு பூச்சை ஆரம்பிப்பார் மருத்துவர். இது வலியில்லாத முறை.

ஒரு வருஷமா? அம்மாடியோவ்!

இப்போது நாம் சொன்ன கணக்கு.

கை நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளர்கிறது. கால் நகம் அதில் பாதிதான். ஒரு மாதத்தில் ஓர் அரிசியின் அகலம்கூட இல்லை! கை நகம் முழுதாகப் புதிதாக வர 6 மாதம். கால் கட்டை விரல் நகத்துக்கு 12 முதல் 18 மாதம்.

பூஞ்சை தின்று கெடுத்த நகம் செத்த நகம். எந்த மருந்தும் அதைத் திரும்பப் பளபளப்பாக்காது. மருந்தின் வேலை பூஞ்சையை அடக்கி வைப்பது. அடியிலிருந்து நல்ல நகம் வளர்ந்து, கெட்ட நகத்தை நுனிக்குத் தள்ளித் தள்ளி, கடைசியில் நீங்கள் வெட்டி எறிய வேண்டும். இரண்டு மாதத்தில் கால் நகம் 3 மில்லிமீட்டர்தான் நகர்ந்திருக்கும். அதைப் பார்த்து "மருந்து கேட்கல" என்று நிறுத்தினால், விதை போட்ட மறுவாரம் தேங்காய் கேட்ட மாதிரிதான்!

கை நகத்துக்கு 6 மாதம், கால் நகத்துக்கு 9 முதல் 12 மாதம். இதற்குத் தயாராக இருந்தால் பாட்டில் வாங்குங்கள்.

மனசு தளராமல் இருக்க ஒரு வழி. மாதப் பிறப்பன்று அதே நகத்தை அதே வெளிச்சத்தில் ஒரு போட்டோ எடுங்கள். தினம் பார்க்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. மூன்றாவது போட்டோவை முதல் போட்டோவோடு வைத்துப் பாருங்கள். அடியில் தெளிவான நகம் ஒரு பட்டையாக வந்திருந்தால், நீங்கள் ஜெயித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். அப்படி எதுவும் இல்லையென்றால் மருத்துவரிடம் அந்தப் போட்டோக்களைக் காட்டுங்கள். வழியை மாற்ற வேண்டியிருக்கலாம்.

உள்ளதைச் சொல்லிவிடுவோம்

பூச்சு மருந்தால் எல்லோருக்கும் குணமாகுமா? இல்லை. அமெரிக்க அனுமதிக்காக நடந்த ஆய்வுகளில், கால் நகத்துக்கு ஏறக்குறைய ஒரு வருஷம் பூசிய பிறகு, நகம் முழுதாகத் தெளிந்து பரிசோதனையிலும் பூஞ்சை இல்லை என்ற நிலைக்கு வந்தவர்கள்: எஃபினகோனஸாலில் 100-க்கு 15 முதல் 18 பேர். டவபோரோலில் 6 முதல் 9 பேர். சைக்ளோபிராக்ஸிலும் கிட்டத்தட்ட அதே அளவு. டெர்பினஃபின் மாத்திரை சாப்பிட்டவர்களில் 38 பேர்.

"இவ்வளவுதானா?" என்று முகம் சுளிக்காதீர்கள். 'முழு குணம்' என்பது கடினமான பரீட்சை. நகத்தில் துளி கறைகூட மிச்சமிருக்கக் கூடாது. எஃபினகோனஸால் பூசியவர்களில் பாதிக்குச் சற்று அதிகமானவர்களுக்குப் பூஞ்சை ஒழிந்திருந்தது. நகம்தான் இன்னும் வளர்ந்து முடியவில்லை. ஒரு வருஷம் என்பது சிலரின் கால் நகத்துக்குப் போதாது என்று மேலே பார்த்தோமே, அதுதான். சொத்தை சிறிதாக இருக்கும்போதே ஆரம்பிப்பவர்களுக்குத்தான் பூச்சு நன்றாகக் கை கொடுக்கும்.

மாத்திரை எப்போது?

டெர்பினஃபின் 250 மில்லிகிராம், தினம் ஒன்று. கை நகத்துக்கு 6 வாரம், கால் நகத்துக்கு 12 வாரம். இட்ரகோனஸாலை மாதத்தில் ஒரு வாரம் மட்டும் கொடுக்கும் முறையும் உண்டு. மாத்திரை ரத்தம் வழியாக நகம் பிறக்கும் இடத்துக்கே போவதால் பலன் அதிகம். ஆனால் டெர்பினஃபின் ஆரம்பிக்கும் முன் கல்லீரலுக்கான ரத்தப் பரிசோதனை அவசியம். இதயம் பலவீனமானவர்களுக்கு இட்ரகோனஸால் ஆகாது. கெடோகோனஸால் மாத்திரையை நகச் சொத்தைக்குக் கொடுக்க வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2016-இல் மறுபடியும் எச்சரித்தது. அதனால் கல்லீரல் கெட்டு உயிரே போயிருக்கிறது.

ஆகவே பக்கத்து வீட்டு மாமாவுக்கு எழுதிக் கொடுத்த மாத்திரைச் சீட்டை நீங்கள் கடையில் நீட்டாதீர்கள். பல நகங்கள் கெட்டிருந்தால் மாத்திரையும் பூச்சும் சேர்த்தே கொடுப்பதும் உண்டு. உள்ளிருந்து ஒன்று, வெளியிலிருந்து ஒன்று.

சர்க்கரைக்காரர்களே, உங்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை

முதலில் சொன்ன கோயில் வாசல் மனிதருக்கு 20 வருஷமாகச் சர்க்கரை நோய் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காலில் உணர்ச்சி குறைந்துவிட்டது. தடித்த நகம் ஷூவுக்குள் அழுந்தி அடிச்சதையில் புண்ணாகிறது. அவருக்கு வலி தெரியவில்லை. அந்தப் புண் வழியாகப் பாக்டீரியா நுழைகிறது. கால் சிவந்து வீங்கி, காய்ச்சல் வந்த பிறகுதான் வீட்டில் எல்லோருக்கும் தெரிகிறது. ரத்த ஓட்டமும் குறைவாக இருந்தால், விரலை எடுக்க வேண்டிய நிலைமைக்கு அது கொண்டுபோய் விடலாம். "வலியா, காய்ச்சலா, விடு" என்று அவர் சொன்னாரே, அவருக்கு வலி தெரியாமல் இருப்பதுதான் ஆபத்தே!

எனவே சர்க்கரை உள்ளவர்கள் நகச் சொத்தையை அழகுப் பிரச்னையாக நினைக்கக் கூடாது. தடித்த நகத்தைத் தாங்களே பிளேடால் சீவக் கூடாது. தினமும் இரவு பாதத்தைப் பாருங்கள். குனிய முடியவில்லையா? மகளையோ மருமகளையோ பேரனையோ பார்க்கச் சொல்லுங்கள். அதில் கூச்சம் வேண்டாம்.

தயவுசெய்து இதெல்லாம் வேண்டாம்

* ஸ்டீராய்டு கலந்த 'மூணு மருந்து, நாலு மருந்து' க்ரீம்கள். போட்டதும் அரிப்பு அடங்கும், குணமான மாதிரி இருக்கும். உள்ளே பூஞ்சை கும்மாளம் போடும். இந்தியாவில் படர்தாமரை சாமான்யத்தில் போகாமல் மல்லுக்கட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம். டெர்பினஃபினுக்குக்கூட அடங்காத 'ட்ரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே' என்ற பூஞ்சைக்கு 2020-இல் நம் நாட்டை ஒட்டியே பெயர் வைத்தார்கள். பெருமைப்படும் விஷயமில்லை!

* எலுமிச்சை, வினிகர், ஆசிட் வைத்தியம். நகம் கரைவதற்கு முன் தோல் வெந்துவிடும்.

* மருதாணியோ நெயில் பாலிஷோ போட்டு மறைப்பது. வெளியே அழகு, உள்ளே சொத்தை வளர்வது தெரியாது.

கேட்கிறீர்களா, சொல்கிறோம்

"நகத்தையே பிடுங்கி எடுத்துவிட்டால் என்ன?"

பிடுங்கினாலும் பூஞ்சை அடியில் இருந்தால் புது நகமும் கெடும். இப்போது அது அபூர்வமாகத்தான் தேவைப்படுகிறது.

"கர்ப்பமா இருக்கேன். பூசலாமா?"

நகச் சொத்தை அவசர நோயில்லை. பெரும்பாலும் பிரசவம் ஆகும்வரை காத்திருக்கலாம். உங்கள் மருத்துவரைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

"குணமான பிறகு திரும்ப வருமா?"

வரலாம். நிறையப் பேருக்கு வருகிறது. அதனால் சேற்றுப்புண்ணையும் சேர்த்துக் குணப்படுத்துங்கள். குளித்ததும் விரல் இடுக்கைத் துடைத்துக் காய வையுங்கள். தினமும் துவைத்த பருத்தி சாக்ஸ் போடுங்கள். ஒரே ஷூவைத் தினமும் போடாமல் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெயிலில் காய வையுங்கள். நகவெட்டி ஆளுக்கொன்று. ஒரே நகவெட்டி வீடு முழுக்கச் சுற்றினால், பூஞ்சையும் அதோடு சுற்றும்.

"பாதி நகம் தெளிஞ்சிடுச்சு. நிறுத்திடலாமா?"

கூடாது! கெட்ட பகுதி முழுதும் வளர்ந்து வெளியேறும் வரை பூச வேண்டும். பாதியில் நிறுத்தினால் மிச்சமிருக்கும் பூஞ்சை நல்ல நகத்தைத் தின்ன ஆரம்பிக்கும். ஆறு மாத உழைப்பு வீண்.

இன்று இரவு படுக்கப் போகும் முன் ஒரு வேலை செய்யுங்கள். விளக்கைப் போட்டு, உங்கள் 20 நகங்களையும் ஒரு தடவை நிதானமாகப் பாருங்கள். அப்படியே வீட்டுப் பெரியவர்களின் பாதத்தையும் பாருங்கள். நுனியில் ஒரு சின்ன மஞ்சள் புள்ளி தெரிந்தால், அதுதான் பூச்சு மருந்து நன்றாக வேலை செய்யும் நேரம். இன்று தோல் மருத்துவரைப் பார்த்து ஆரம்பித்தால், அடுத்த வருஷம் இதே மாதம் நீங்கள் கோயில் வாசலில் சாக்ஸைக் கழற்றத் தயங்க மாட்டீர்கள்.